லாரிக்குத் திறந்த பாலம் தாய்க்கு ஏன் மூடியது?



சென்ற கிளைக் கூட்டத்தில் "பேறுகாலத் துணை விடுமுறை" என்ற தீர்மானத்தை நாம் எழுந்து படித்தபோது பின் வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிற்று. "பிள்ளை பெற்றவளுக்கு விடுமுறை உண்டு, தகப்பனுக்கும் வந்துவிட்டது, இனி பாட்டிக்கும் வேண்டுமாம்! அடுத்த கூட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரிக்கா?" என்று ஒரு தோழர் கேட்டார். கூட்டமே சிரித்தது. தலைவரும் சிரித்துக்கொண்டே தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்.

சிரித்தவர்கள் நம் எதிரிகள் அல்லர். நிர்வாகத்தோடு மல்லுக்கட்டியபோது நம்மோடு தோள் சேர்ந்து நின்றவர்கள். ஆகவே அவர்களுக்குப் பதில் சொல்வது நம் கடமை. பதிலைச் செம்பவாங்கிலிருந்து தொடங்குகிறோம்.

செம்பவாங் நமக்கு அந்நிய ஊரா? ஜொகூர்க் கரையில் நின்றால் தண்ணீருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரிகிற ஊர். அங்கும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன; அங்கும் விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நிரைக்குள் போன கூட்டம் உண்டு. 1938-இல் பிரிட்டிஷார் திறந்த பெரிய கப்பல் துறையிலும் கடற்படைத் தளத்திலும் தமிழரும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் உழைத்தனர். 1971-இல் பிரிட்டிஷ் படை மூட்டை கட்டிற்று. மரங்கள் போய் மாடிகள் வந்தன. ஆனால் கல்யாணமும் காதுகுத்தும் கருமாதியும் பாலத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகவே நடந்து வந்தன. 1924-இல் அந்தப் பாலம் திறந்த நாளாக, ஜப்பான்காரன் காலம் தவிர, நம் வீட்டுப் பெண்ணுக்கு வலி என்றால் தாய் அங்கே போய்ச் சேருவது தடைபட்டதே இல்லை எனலாம்.

2020-இல் தடைபட்டது.

நம் தோட்டத்தில் பால் வெட்டும் ஓர் அக்காவின் மகள் செம்பவாங்கில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பெயர் வேண்டாம். மாப்பிள்ளை இரவுக் காவல் வேலை பார்ப்பவர். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. அவருக்குத் தாய் இல்லை. தலைப்பிரசவம் ஏப்ரல் கடைசியில் என்று நாள் குறித்திருந்தார்கள். அக்கா இரண்டு மாதம் சம்பளமில்லா விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தாள். அந்தக் கடிதத்தை டைப் அடித்தது நாம்தான். வறுத்து இடித்த காயமருந்து, நாட்டுப் பூண்டு, நல்லெண்ணெய், துவைத்து மடித்த பழைய வேட்டித் துணி எல்லாம் ஒரு பையில் தயார்.

மார்ச் 16 இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டது. 18-ஆம் தேதியிலிருந்து எல்லை அடைப்பு. இடையில் இருந்தது ஒரே ஒரு பகல். அக்கா நம்மிடம் வந்து, "தம்பி, இப்பவே கிளம்பட்டுமா?" என்று கேட்டாள். "மார்ச் 31 வரைக்கும்தானே அக்கா சொல்லியிருக்கிறார்கள்? பிரசவம் ஏப்ரல் கடைசிதானே? கூட்டத்தில் போய் நோயை வாங்கிக்கொள்ளாதீர்கள்" என்று சொன்னோம். அறிவிப்பில் இருந்ததைத்தான் சொன்னோம். ஆனாலும் சொன்ன வாய் நம்முடையது. இதை மறைத்துவிட்டு மற்றவர்மேல் குற்றம் சுமத்த நமக்கு மனமில்லை.

ஏப்ரல் 7-ஆம் தேதி சிங்கப்பூரும் தன் கதவுகளை அடைத்தது. ஜூன் 1 வரை ஒரு வீட்டார் மற்றொரு வீட்டுக்குப் போக முடியாது. மிக அவசியமானவற்றுக்கு மட்டும் விலக்கு. ஏப்ரல் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் தாயும் சேயும் ஒன்பதாம் மாடி வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை சில நாள் உடனிருந்தார். பிறகு வேலைக்குப் போகவேண்டியதாயிற்று. அதன்பின் இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை அந்த வீட்டில் இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி, தையல் காயாத உடம்போடு, பிறந்து பதினைந்து நாளான குழந்தையோடு, தனியே.

பால் ஊறப் பால்சுறா வேண்டும் என்று தாய் தொலைபேசியில் சொன்னாள். பக்கத்துச் சந்தை சோங் பாங். கூட்டத்தைக் குறைக்க ஏப்ரல் 22 முதல் அந்தச் சந்தை உட்பட நான்கு சந்தைகளில் ஒரு விதி: அடையாள அட்டையின் கடைசி எண் ஒற்றையானால் ஒற்றைத் தேதியில் மட்டும் உள்ளே போகலாம், இரட்டையானால் இரட்டைத் தேதியில். மாப்பிள்ளைக்கு ஓய்வு கிடைத்த நாளும் அவர் அட்டையின் எண்ணும் ஒத்துப்போவதே அபூர்வம். காயமருந்துப் பையையாவது அனுப்பலாம் என்று அக்கா ஒரு காய்கறி லாரி டிரைவரிடம் கெஞ்சினாள். அவர் மறுத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல மாட்டோம். இறங்கக்கூடாத இடத்தில் இறங்கினார் என்றால் அவர் பிழைப்பு போய்விடும்.

ஆம், லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன! எல்லை அடைத்தபோதே இரண்டு அரசாங்கங்களும் சரக்குப் போக்குவரத்து நிற்காது என்று உறுதி கூறின. முட்டை போயிற்று, கோழி போயிற்று, கீரை போயிற்று. உலகமெங்கும் ஆஸ்பத்திரிகள் ரப்பர்க் கையுறைக்குப் பறந்தன. அப்போது உலகத்துக் கையுறைகளில் பாதிக்கு மேல் செய்து அனுப்பியது நம் நாடு. அந்த ஆண்டு கையுறைக் கம்பெனிகள் அதுவரை காணாத லாபம் கண்டன. அக்காவின் மகளுக்குப் பிரசவம் பார்த்த கைகளிலும் உறை இருந்திருக்கும். தோட்டத்துப் பாலுக்கு எல்லை தாண்ட வழி இருந்தது; அதை வெட்டுகிறவளுக்கு இல்லை.

நோயை அடக்க எல்லையை அடைத்தது தவறு என்று நாம் வாதாடவில்லை. கிருமி பாஸ்போர்ட் பார்த்து வருவதில்லை. நாம் கேட்பது வேறு: கதவைக் கொஞ்சம் திறந்தபோது யாருக்குத் திறந்தார்கள்? 2020 ஆகஸ்ட் 17 முதல் இரண்டு ஏற்பாடுகள் வந்தன. ஒன்று, வியாபாரம், அரசாங்கக் காரியம் என்று குறுகிய காலம் போகிறவர்களுக்கு. மற்றொன்று, அக்கரையில் வேலையில் இருப்பவர்கள் மூன்று மாதம் அங்கேயே இருந்து உழைத்துவிட்டுக் குறுகிய விடுப்பில் வீடு வந்து போவதற்கு. 2021 மே 17 முதல் மூன்றாவதாக ஒன்று வந்தது: நெருங்கிய உறவினர் இறந்துவிட்டாலோ, உயிருக்குப் போராடினாலோ போய்ப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு, வெகு தாமதமாக வந்த நல்ல ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் பெயரிலேயே சாவு இருந்தது, கடும் நோய் இருந்தது, பிறப்பு இல்லை. பணம் போகலாம், உழைப்பு போகலாம், துக்கமும் போகலாம். பிள்ளை பெற்றவளுக்குச் சோறாக்கிப் போட ஒரு தாய் போவதற்கு மட்டும் அந்தத் தாள்களில் இடம் இல்லை.

சரி, பிள்ளை பிறந்து தாயும் சேயும் நலமாக வீடு வந்த பிறகு பாட்டி இல்லாவிட்டால் குடி முழுகிப் போகுமா என்று சிரித்தவர்கள் கேட்கலாம். கேட்கட்டும்.

நம் லயத்தில் தொலைபேசி சரியாக எடுக்காது. ஆபீஸ் வாசலில்தான் எடுக்கும். பெரட்டு கலைந்ததும், வெட்டு முடிந்து பால் கொட்டகையில் அளந்து கொடுத்ததும், அக்கா வந்து அந்த வாசலில் நின்று மகளின் முகத்தைப் பார்ப்பாள். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதைச் சைகையால் காட்டுவாள். முதலில் மகள் அழுதாள். இரண்டு வாரம் சென்று அழுகை நின்றது. நாம் அதை நல்ல சேதி என்று நினைத்தோம். அக்கா நினைக்கவில்லை. "தம்பி, அவ பேசுறா. ஆனா கண்ணுக்குள்ள ஆளு இல்ல" என்றாள். அடுத்த மாதம் மகளே ஒருநாள் சொன்னாளாம்: "பிள்ளை அழுறது காதுல விழுதும்மா. கைதான் எழும்ப மாட்டேங்குது." இன்னொரு நாள், "நான் இல்லாட்டி இது நல்லா வளருமோ என்னவோ" என்றாள்.

லயத்தில் ஆளுக்கொரு வைத்தியம். காற்றுக் கருப்பு என்றார்கள் சிலர். ஜன்னி என்றார்கள் சிலர். "கொழுப்பு, எங்கள் காலத்தில் பெற்ற மூன்றாம் வாரம் கூடையைத் தூக்கினோம்" என்றார்கள் இன்னும் சிலர். படித்த நாமோ, "எல்லாம் சரியாகிவிடும் அக்கா" என்றோம். எல்லாவற்றிலும் பயனற்ற மருந்து அதுதான்.

இதற்குப் பெயர் உண்டு தோழர்களே. பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய். பெற்ற சில நாளில் அழுகையும் எரிச்சலும் வந்து இரண்டு வாரத்துக்குள் தானே மறைவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு, அது நோயல்ல. இரண்டு வாரம் கடந்தும் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் மனமில்லை, குழந்தையிடம் ஒட்டவில்லை, நான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் விடவில்லை என்றால் அது நோய். ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு இதனினும் கடியதொன்று வரும். இல்லாத குரல் கேட்கும், இல்லாதது தெரியும். அதைத்தான் நம் பெரியவர்கள் பலமுறை ஜன்னி என்றும் பேய் என்றும் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி, மந்திரிப்பதற்கு நேரமில்லை. இவையெல்லாம் குணமாகும். பேசிக் குணப்படுத்தும் முறை உண்டு. பால் கொடுக்கும் தாய் டாக்டர் சொற்படி உண்ணக்கூடிய மருந்தும் உண்டு.

"பட்டணத்துப் பணக்காரிகளின் நோய்" என்கிறீர்களா? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு வேறு கதை சொல்கிறது. பிள்ளை பெற்ற பெண்களில் உலக முழுதும் 100-க்கு சுமார் 13 பேருக்கு மனநோய், பெரும்பாலும் இந்தச் சோர்வு, வருகிறது. வளரும் நாடுகளை மட்டும் எடுத்தால் 100-க்கு ஏறத்தாழ 20. ஏழை நாட்டில் அதிகம், குறைவல்ல! இன்னும் நம் வீட்டுக்குப் பக்கத்தில் வருவோம். தமிழ்நாட்டில் வேலூரை அடுத்த கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து எழுதிய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. பட்டணத்துச் சீமாட்டிகள் அல்லர். நம் பாட்டன் பூட்டன் ஊர்ப் பெண்கள். பெற்ற ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் அவர்களில் 100-க்கு 11 பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்திருந்தது. எவருக்கு வந்தது என்றும் பார்த்தார்கள். வருமானம் குறைந்தவளுக்கு. ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தவளுக்கு. மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல் உள்ளவளுக்கு. அந்த வரிசையில் ஒன்றை மட்டும் நிறுத்திப் படிக்கச் சொல்கிறோம்: கூடமாட உதவிக்கு ஆள் இல்லாதவளுக்கு.

நம் முன்னோர் ஆய்வு செய்யவில்லை. ஆனால் பெண்ணைப் பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். முப்பது நாள் அவள் ஒரு குடம் தண்ணீர் தூக்கவிடவில்லை. வேது தண்ணீர் ஊற்றவும் பத்தியக் கறி ஆக்கவும் ராத்திரியில் பிள்ளையை வாங்கிக்கொள்ளவும் ஒருத்தி எப்போதும் பக்கத்தில் இருந்தாள். பத்தியத்தில் வேண்டாத கட்டுப்பாடுகள் உண்டு; தாகத்துக்குத் தண்ணீர் மறுத்த கொடுமையும் உண்டு. அதைக் களைவோம். ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தாளே, அது மூடநம்பிக்கையா? பெருந்தொற்றுக் காலம் அந்த ஆளைப் பிடுங்கிப் பார்த்தது. என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது.

நம் பெண் பிழைத்தாள். எப்படி? குழந்தைக்கு மூன்றாம் மாதத் தடுப்பூசி போடப் போனபோது ஒரு தாதி குழந்தையைப் பார்த்துவிட்டுத் தாயையும் பார்த்தாள். "நீ தூங்குகிறாயாம்மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அந்த நாற்காலியிலேயே அவள் உடைந்து போனாள். பிறகு டாக்டர், மருந்து, வாரம் ஒருமுறை பேச்சு. ஆண்டு முடிவதற்குள் பழைய பெண் திரும்பி வந்தாள். அந்தத் தாதி கேட்காமல் விட்டிருந்தால்? அதற்கு மேல் எழுத நமக்குக் கை வரவில்லை.

அப்படிக் கேட்பது பெரிய வித்தை அல்ல. எடின்பரோ வினாத்தாள் என்று ஒன்று 1987-இல் வந்தது. பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பயந்தாயா, உன்னை நீயே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்ற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை மதிப்பெண். நோயை அதுவே தீர்ப்பதில்லை; யாரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று காட்டும். தமிழிலும் உண்டு. சிங்கப்பூரில் கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனை 2008-இலேயே தாய்மாரிடம் இந்தச் சோர்வைத் தேடிக் கண்டுபிடிக்கும் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. தேக்காச் சந்தைக்குப் பக்கத்தில் கண்டாங் கர்பாவ் என்று நம் மூத்தவர்கள் அறிந்த அதே ஆஸ்பத்திரிதான். 1966-இல் ஒரே ஆண்டில் 39,835 குழந்தைகள் பிறந்த இடம். அன்றைக்குக் குழந்தைகளை எண்ணினார்கள். பின்னால் தாயின் மனத்தையும் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். நம் தோட்டத்து மருந்துக் கொட்டகை எப்போது கற்கும்?

சட்டத்தைப் பார்ப்போம். இங்கே பிள்ளை பெற்ற தொழிலாளிக்கு நெடுங்காலம் 60 நாளே விடுமுறை. 2023 ஜனவரி 1 முதல்தான் 98 நாள். தகப்பனுக்கு அன்றுதான் முதன்முதலாகச் சட்டப்படி 7 நாள். ஏழு நாளில் குழந்தையின் தொப்புள்கொடிகூட உதிர்ந்திருக்குமோ என்னவோ! அக்கரையில் குடிமக்கள் பிள்ளைக்குத் தாய்க்கு 16 வாரம். தகப்பனுக்கு 2025 ஏப்ரல் முதல் 4 வாரம். தொற்றுக் காலத்தில் பிள்ளை பெற மக்கள் தயங்கக்கூடாதென்று 2020 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு 3,000 வெள்ளி தனி உதவியும் கொடுத்தார்கள். கொடுக்கட்டும், வெள்ளியை யார் வேண்டாம் என்பார்? ஆனால் வெள்ளி ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பிள்ளையை வாங்கிக்கொள்ளாது. (வேலை அனுமதிச் சீட்டில் அங்கே வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணின் நிலையோ இன்னும் மோசம், கர்ப்பமானாலே சீட்டு போய்விடும். மற்றவர் பிள்ளையை வளர்க்கலாம், தன் பிள்ளையைப் பெறக்கூடாது. அதைத் தனியாக எழுதுவோம்.)

இந்த இரண்டு நாட்டுச் சட்டங்களிலும் தாய் இருக்கிறாள், தகப்பன் இருக்கிறான். பேறுகாலத்தை உண்மையில் நடத்திக் கொடுக்கிறவள் இல்லை. அவள் ஐம்பது வயதுப் பால்வெட்டுக்காரி. மகளிடம் போனால் சம்பளம் இல்லை. செக்ரோலில் அவள் பெயருக்கு நேரே நாமே சிவப்பு மையில் "இல்லை" என்று போடுகிறோம். வருகைக்கான படியும் போகிறது. போகாவிட்டால் அங்கே மகள் தனியே கிடக்கிறாள். தொற்று முடிந்துவிட்டது, பாலம் 2022 ஏப்ரல் 1-இல் முழுதாகத் திறந்துவிட்டது என்று சொல்வீர்கள். பாலம் திறந்தது, இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. அக்காவுக்கு அன்று பாலம் குறுக்கே நின்றது. இன்று மற்ற அக்காமாருக்குக் குறுக்கே நிற்பது செக்ரோல்.

ஆகையால் சிரிப்பை வாங்கிய அந்தத் தீர்மானத்தை ஒரு வரியும் குறைக்காமல் மறுபடி கொண்டுவருகிறோம். மகளுக்கோ மருமகளுக்கோ பேறுகாலத் துணையாகப் போகும் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு 14 நாள். அதற்கு மேல் வேண்டுமானால் சம்பளமின்றி ஒரு மாதம், வருகைப்படி பிடிக்காமல். பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்புகிறவளுக்கு முதல் மாதம் மேட்டு நிரை கொடுக்காமல் இலேசான வெட்டு. மருந்துக் கொட்டகையில் அந்தப் பத்துக் கேள்விகள் தமிழிலும் மலாயிலும், இன்று நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுப் பெண்களின் மொழிகளிலும். இன்னொரு தொற்று வந்து இன்னொரு முறை எல்லை அடைபட்டால், அனுமதிப் பட்டியலில் சாவுக்கு முன்னால் பிறப்பை எழுத வேண்டும் என்று இரண்டு கரைத் தொழிற்சங்கங்களும் சேர்ந்து இரண்டு அரசாங்கங்களுக்கும் விண்ணப்பம்.

"நிர்வாகம் ஒத்துக்கொள்ளாது" என்கிறார் செயற்குழுத் தோழர் ஒருவர். தாய்க்கு 98 நாளை எந்த நிர்வாகம் முதல் நாளே ஒத்துக்கொண்டது? "ஏமாற்றி விடுமுறை எடுப்பார்கள்" என்கிறார் மற்றொருவர். பிறப்புச் சான்றிதழ் கேளுங்கள். கிராணிகளாகிய நாமே சரிபார்க்கிறோம். கள்ளக் கணக்கைக் கண்டுபிடிக்கத்தானே எங்களுக்குச் சம்பளம்!

இந்த வரிகளைப் படிக்கும் வீட்டில் அப்படி ஒரு தாய் இப்போதே இருந்தால் கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இங்கே 15555 எண்ணில் அரசாங்க மனநல உதவி கிடைக்கும். அக்கரையில் இருப்பவர்கள் 1767-ஐக் கூப்பிடலாம். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். அவளையும் குழந்தையையும் தனியே விட்டு வண்டி தேடப் போகாதீர்கள்.

அக்கா தன் பேத்தியை முதன்முதலாகத் தொட்டது 2022 ஏப்ரலில். குழந்தைக்கு இரண்டு வயது ஆகப்போகிற சமயம். தொலைபேசியில் தினமும் பார்த்த முகம்தான். ஆனாலும் நேரில் கண்டதும் குழந்தை தாயின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கையில் அந்தப் பழைய வேட்டித் துணியோடு அக்கா வாசலிலேயே நின்றாளாம். திரும்பி வந்து நம்மிடம் சொன்னாள்: "துணி சின்னதாப் போச்சு தம்பி."

கூட்டம் வரும் மாத முதல் ஞாயிறு, காலை பத்து மணி, தோட்டத்துப் பள்ளி மண்டபம். எதிர்ப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். அக்கா முன் வரிசையில் இருப்பாள். சிரிக்க விரும்பினால் அவள் முகத்தைப் பார்த்துச் சிரியுங்கள்.